ஒரு ஸ்டாப் வெளிச்சம்

கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் போகிறது, அது எவ்வளவு பளிச்சென்று படமாகிறது என்பதை மூன்று எண்கள் முடிவு செய்கின்றன. லென்ஸுக்குள் இருக்கும் துளையின் அகலம் அபெர்ச்சர். அந்தத் துளை வழியே வரும் வெளிச்சம் சென்சார் மீது விழும் நேரம் ஷட்டர் வேகம். விழுந்த வெளிச்சத்தை எத்தனை மடங்கு தூக்கிக் காட்டுவது என்பது ஐஎஸ்ஓ. கேமராத் திரையில் இவை எஃப்/5.6, 1/125, 400 என்று மூன்று வெவ்வேறு பாஷையில் எழுதியிருக்கும். புதிதாகக் கேமராவைக் கையில் எடுப்பவர் மிரள்வது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். ஆனால் மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். அதன் பெயர் ஸ்டாப். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். ஒரு ஸ்டாப் குறைத்தால் பாதியாகும்.

பெயர் பழைய பெயர். லென்ஸ் வழி வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்தும் தகட்டுக்கு முதலில் அப்படிப் பெயர். 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவில் துளையிட்ட உலோகத் தகடுகளைச் செய்து, லென்ஸ் குழலின் பக்கவாட்டில் வெட்டிய பிளவில் செருகிப் பயன்படுத்தினார். இன்று தகடுகளுக்குப் பதில் மெல்லிய இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து துளையைச் சுருக்குகின்றன. பெயர் மட்டும் தகட்டிலிருந்து கழன்று அளவோடு ஒட்டிக்கொண்டது.

அபெர்ச்சர் எண்களின் வரிசை 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று போகும். பார்த்தவுடன் யாரோ கணக்கில் தப்பு செய்துவிட்டதாகத் தோன்றும். வெளிச்சம் துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பரப்பைப் பாதியாக்க விட்டத்தை 1.414ஆல், அதாவது இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். வரிசையில் ஒவ்வோர் எண்ணும் முந்தையதைப்போல் 1.4 மடங்கு இருப்பதற்கு அதுதான் காரணம். எண் கூடக்கூடத் துளை சிறுப்பதும் புதிர் அல்ல. எஃப் என்பது லென்ஸின் குவியத்தூரம். எஃப்/2 என்றால் அதில் இரண்டில் ஒரு பங்கு. 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்பது 25 மி.மீ. அகலத் துளை. எஃப்/16 என்பது வெறும் 3 மி.மீ.

துளையின் அகலத்தை நேராக மில்லிமீட்டரில் சொல்லிவிட்டால் என்ன? குவியத்தூரம் கூடினால் பிம்பம் பெரிதாகும். அதே வெளிச்சம் கூடுதல் இடத்தில் பரவி மங்கும். அதை ஈடுகட்டத் துளையும் அதே விகிதத்தில் பெரிதாக வேண்டும். விகிதத்தையே எண்ணாக வைத்துக்கொண்டால் எந்த லென்ஸிலும் எஃப்/8 ஒரே பிரகாசத்தைத் தரும். கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக்கோட்டருகே பத்திரிகை ஒளிப்படக்காரர்கள் தவில் போன்ற லென்ஸுகளை ஒற்றைக்கால் தாங்கியில் நிறுத்தியிருப்பதற்கும் இந்தக் கணக்கே விடை. 200 மி.மீ. லென்ஸில் எஃப்/2.8 வேண்டுமென்றாலே துளை 71 மி.மீ. ஆகிவிடுகிறது. 400 மி.மீ. என்றால் அதன் இரு மடங்கு.

துளை வெளிச்சத்தோடு இன்னொன்றையும் மாற்றுகிறது: படத்தில் எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு இருக்கும் என்பதை. ஊசியில் நூல் கோக்கும் பாட்டி கண்ணை இடுக்கிக்கொள்வதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இமைகளால் வழியை ஒடுக்கிப் பாட்டி தன் கண்ணின் அபெர்ச்சரைக் குறைக்கிறார். அகலமான துளை வழியே வரும் ஒளிக்கற்றைகள் தடித்த கூம்பாகக் குவிகின்றன. குவிய வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் கூம்பு அகன்றுவிடுவதால் புள்ளி வட்டமாகி மங்குகிறது. குறுகிய துளையில் கூம்பு ஒல்லி. முன்பின் ஆனாலும் வட்டம் புள்ளிபோலவே தெரியும். 36×24 மி.மீ. சென்சார் உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டு 2 மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுப்பதாகக் கொள்வோம். எஃப்/1.8இல் தெளிவான பகுதி ஏறக்குறைய 17 செ.மீ. மட்டுமே. எஃப்/16இல் அது சுமார் 1.45 மீட்டரில் தொடங்கி 3.2 மீட்டர்வரை நீளும். ஆளை 1 மீட்டருக்கு நெருங்கினால் எஃப்/1.8இன் 17 செ.மீ. நான்கு செ.மீ. ஆகச் சுருங்கும், கண் தெளிந்தால் காது மங்கும். லென்ஸ் வாங்கிய முதல் வாரத்தில் எல்லாப் படத்தையும் எஃப்/1.8இலேயே எடுத்துவிட்டு, குழுப்படத்தில் பின்வரிசை மொத்தமும் புகைமூட்டமாய்ப் போன பிறகே பலர் இந்த அளவைக் கற்றுக்கொள்கிறார்கள்.

எதிர்முனைக்குப் போய் எஃப்/22இல் எடுத்தால் எல்லாம் கூர்மையாகிவிடாது. மிகச் சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைந்து பரவும். அதனால் படம் முழுவதுமே சற்று மழுங்கும். பெரும்பாலான லென்ஸுகள் எஃப்/5.6 முதல் எஃப்/11 வரையில்தான் நன்றாக உழைக்கின்றன.

அடுத்தது நேரம். 1838இல் பாரிஸில் லூயி டாகேர் தன் சன்னலிலிருந்து புல்வார் துயு தாம்பிள் என்ற சாலையை எடுத்தார். வண்டிகளும் ஆட்களும் நிறைந்த சாலை அது. படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. பதிவாகச் சில நிமிடங்கள் பிடித்ததால் நடந்து போனவர்கள் யாரும் தங்கவில்லை. ஓரமாக நின்று பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்ட ஒருவர் மட்டும், ஒரே இடத்தில் நின்ற புண்ணியத்தில், படத்தில் நிலைத்தார். 1858இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களை எடுத்தபோதும் இதே நிலைமைதான். மெழுகூட்டிய காகித நெகட்டிவ் நிமிடக் கணக்கில் வெளிச்சம் கேட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒற்றைப் படமாக்கினார். கல்வெட்டைவிடப் பொறுமையாக நிற்பவர் கிடைக்கமாட்டார்.

இன்றைய கேமராவில் ஷட்டர் வேகம் 30 நொடியிலிருந்து 1/4000, 1/8000 நொடிவரை போகும். 1/60, 1/125, 1/250, 1/500 என்று ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். இந்த எண்கள் என்ன செய்கின்றன என்று பார்க்க வெளியே போக வேண்டியதில்லை. கூரையில் சுற்றும் மின்விசிறி போதும். 1200 மி.மீ. அகலமுள்ள வழக்கமான விசிறி நிமிடத்துக்கு 330 சுற்றுச் சுற்றுவதாக வைத்துக்கொண்டால், இறக்கையின் நுனி நொடிக்கு 20 மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. 1/60 நொடியில் அது 35 செ.மீ. நகரும்; படத்தில் இறக்கைக்குப் பதில் சாம்பல் தீற்றல். 1/250இல் 8 செ.மீ.; இறக்கைகள் மூன்று என்று எண்ணிவிடலாம், விளிம்பு இருக்காது. 1/1000இல் 2 செ.மீ. ஆகிவிட இறக்கை நின்றதுபோல் தோன்றும், நுனி மட்டும் கரைந்திருக்கும். 1/4000இல் நகர்வு அரை செ.மீ.; இறக்கையின் ஓரத்தில் படிந்த தூசிகூடத் தெரியும்.

இந்தச் சோதனையை இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் செய்தால் வேறொரு தொல்லை குறுக்கிடும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி; விளக்கு அதனால் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். பழைய சோக் வைத்த டியூப்லைட்டிலும் மலிவான எல்இடி பல்பிலும் இது கடுமை. ஷட்டர் 1/100 நொடியைவிட வேகமாகப் போனால் ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல், சிலவற்றில் குறுக்கே பட்டை. 1/50இலோ 1/100இலோ முழுத் துடிப்புகள் அடங்கிவிடுவதால் சிக்கல் இல்லை. விசிறியைப் பகலில் சன்னல் வெளிச்சத்தில் எடுப்பது நல்லது.

அசைவது எதிரே இருப்பது மட்டுமல்ல, பிடித்திருக்கும் கையும்தான். குவியத்தூரம் எவ்வளவோ அதைக் கீழே போட்டு மேலே ஒன்று வைத்தால் வரும் வேகத்துக்குக் குறையக் கூடாது என்பது பழைய கைவிதி: 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200. சிறிய சென்சார் உள்ள கேமராவில் அதை ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ள வேண்டும். லென்ஸிலோ கேமராவிலோ நடுக்கம் குறைக்கும் ஏற்பாடு இருந்தால் இரண்டு மூன்று ஸ்டாப் இறங்கலாம். ஆனால் அந்த ஏற்பாடு கையை மட்டுமே நிறுத்தும், ஓடும் குழந்தையை நிறுத்தாது. அதற்கு 1/500 வேண்டும். குற்றாலத்து அருவியைப் பால் வழிவதுபோல் எடுக்க அரை நொடி, ஒரு நொடி வேண்டும். அதற்கு ட்ரைபாட் இல்லாமல் முடியாது.

மூன்றாவது எண்ணான ஐஎஸ்ஓவைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். பாடப்புத்தகங்கள் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூலைகளில் எழுதிக் காட்டுவது வழக்கம். அந்தப் படம் மூன்றும் ஒரே இனம் என்ற நினைப்பை உண்டாக்கிவிடுகிறது. உள்ளபடி வெளிச்சத்தை வாங்குவது முதல் இரண்டும்தான். ஐஎஸ்ஓ வாங்கியதைப் பெருக்கிக் காட்டும் எண். ஃபிலிம் காலத்தில் அது சுருளின் இயல்பு. 100 ஃபிலிம் போட்டால் 36 படமும் 100தான். டிஜிட்டலில் படத்துக்குப் படம் மாற்றலாம் என்பது பெரிய வசதி.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் கசடு, அதாவது நாய்ஸ், எங்கிருந்து வருகிறது? முற்றத்தில் நூறு டம்ளர்களை வரிசையாக வைத்து மழைக்குக் காத்திருந்தால் காரணம் தெரியும். இரண்டு நிமிடத் தூறலில் ஒரு டம்ளரில் ஏழு துளி, பக்கத்து டம்ளரில் மூன்று, அடுத்ததில் பத்து. ஒரு மணிநேரம் கொட்டித் தீர்த்தால் எல்லா டம்ளரிலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே மட்டம். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் அப்படி ஒரு டம்ளர். ஒளி ஃபோட்டான் ஃபோட்டானாக, தூறலைப்போல் ஒழுங்கில்லாமல் விழுகிறது. சராசரியாக 10,000 ஃபோட்டான் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100. நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 10. பத்தில் ஒரு பங்கு, ஒரே நிறச் சுவர்கூடச் சொரசொரப்பாகத் தெரியும். கசட்டுக்கு முதல் காரணம் வெளிச்சப் பஞ்சம். ஐஎஸ்ஓ அந்தப் பஞ்சத்தை ஊரறியக் காட்டுகிறது, அவ்வளவே. கசடு வருமென்று பயந்து ஐஎஸ்ஓவைக் குறைத்து, படத்தை இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சமாக்கினாலும் அதே கசடுதான் வரும். பல கேமராக்களில் இன்னும் மோசமாகவே வரும். கசடுள்ள கூர்மையான படத்தைச் சகித்துக்கொள்ளலாம். ஆடிப்போன படத்தைச் சுத்தம் செய்ய வழியில்லை.

மின்விசிறிக்கே திரும்பினால் மூன்று எண்களின் பேரம் புரியும். ஓரளவு வெளிச்சமான அறையில் ஐஎஸ்ஓ 100, எஃப்/2.8 வைத்தால் சரியான படத்துக்கு 1/8 நொடி தேவைப்படலாம். இறக்கையை நிறுத்த 1/1000 வேண்டும். 1/8இலிருந்து 1/1000 ஏழு ஸ்டாப். வெளிச்சம் 128இல் ஒரு பங்கு. துளை அதற்குமேல் திறக்காது. ஆகவே ஐஎஸ்ஓ ஏழு படி ஏறி 12,800இல் நிற்கும். கேமராவோடு சேர்த்து விற்கும் 18–55 லென்ஸ் 55 மி.மீ. முனையில் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. அதில் எடுத்தால் இன்னும் இரண்டு படி, 51,200. எல்லாம் எண்ணிப் பார்த்தால் எஃப்/1.8 திறக்கும் மலிவான 50 மி.மீ. லென்ஸை ஏன் பலரும் முதலில் வாங்கச் சொல்கிறார்கள் என்பது விளங்கும்.

வெயிலில் பேரமே இல்லை. வானம் தெளிந்திருந்தால் எஃப்/16இல் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓவின் எண்ணைக் கீழே கொண்ட பின்னம்: ஐஎஸ்ஓ 100க்கு 1/100, அல்லது கேமராவில் அதற்கு அருகே உள்ள 1/125. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் இல்லாத கேமராக்காரர்கள் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். மேகம் மூடி நிழல் விழாமல் போனால் எஃப்/8. அங்கிருந்து ஒரு பக்கம் ஒரு ஸ்டாப் கூட்டி மறுபக்கம் ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சக் கணக்கு மாறாது: எஃப்/16இல் 1/125, எஃப்/8இல் 1/500, எஃப்/2.8இல் 1/4000 மூன்றும் சமம். பிரகாசம்தான் சமம், படம் வேறு. முதலாவதில் முன்னிருக்கும் தேர்ச்சக்கரமும் பின்னிருக்கும் கோபுரமும் தெளிவாக இருக்கும். கடைசியில் சக்கரம் மட்டும் நிற்கும், கோபுரம் வண்ணக் கரைசலாகும்.

இந்தக் கணக்கையெல்லாம் கேமராவின் மீட்டரே போட்டுவிடும். ஆனால் மீட்டருக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு: எதிரே உள்ளது எதுவானாலும் சராசரியில் நடுத்தரச் சாம்பல்தான் என்று அது நினைக்கிறது. வயலில் மேயும் எருமையும் அதன் முதுகில் உட்கார்ந்த கொக்கும் இதை அம்பலமாக்கும். எருமை மட்டும் சட்டகத்தை நிறைத்தால் மீட்டர் இருட்டென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். கறுத்த எருமை வெளுத்துச் சாம்பலாகும். கொக்கு மட்டும் நிறைத்தால் அதிக வெளிச்சம் என்று குறைக்கும். வெள்ளைக் கொக்கு அழுக்காகும். இதைத் திருத்தவே கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் இருக்கிறது. கொக்குக்கு ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டல், எருமைக்கு ஒரு ஸ்டாப் கழித்தல். வெள்ளையைக் கூட்ட வேண்டும், கறுப்பைக் குறைக்க வேண்டும் என்பது முதலில் தலைகீழாகப் படும்.

இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் கொக்கின் பக்கம் நிற்பது நல்லது. டம்ளர் நிரம்பி வழிந்த பிறகு எவ்வளவு வழிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அளவுக்கு மேல் வெளிச்சம் விழுந்த பிக்சலும் அப்படியே. இறகின் வரிகள் ஒருமுறை வெறும் வெள்ளையாகிவிட்டால் திரும்ப வாரா. எருமையின் இருட்டில் கொஞ்சமாவது தண்ணீர் இருக்கும்; கசடோடு என்றாலும் மேலே தூக்கலாம். கேமராத் திரையில் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாக வரும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் மேடு வலது சுவரில் போய் முட்டி நின்றால் டம்ளர்கள் வழிந்துவிட்டன என்று பொருள். திரையின் பிரகாசத்தை வெயிலில் நம்புவதைவிட இதை நம்பலாம்.

கேமராவின் மேலே உள்ள வட்டத் திருகியில் எந்த எழுத்தை வைப்பது என்பதில் பெருமை பார்ப்பவர்கள் உண்டு. எம் என்ற கைமுறையில் எடுப்பவரே கலைஞர் என்பது வெறும் ஜம்பம். துளையை எடுப்பவர் தேர்ந்தெடுத்து வேகத்தைக் கேமராவிடம் விடும் முறை (நிக்கானிலும் சோனியிலும் ஏ, கேனானில் ஏவி) பழகத் தொடங்குபவருக்கு ஏற்றது. விளையாட்டுக்கும் பறவைக்கும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் எஸ் அல்லது டிவி. ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு உச்சவரம்பை 6400 என்று கட்டிவைக்கலாம். எம் உண்மையில் தேவைப்படுவது வெளிச்சம் மாறாமல் பின்னணி மட்டும் மாறும் இடங்களில், நாட்டிய மேடைபோல. கறுத்த திரை மீட்டரை ஏமாற்றும், எஃப்/2.8, 1/250, ஐஎஸ்ஓ 3200 என்று ஒருமுறை சோதித்து நிறுத்திவிட்டால் ஆடுபவர் மேடையின் எந்த மூலைக்குப் போனாலும் முகம் ஒரே நிறத்தில் இருக்கும், மேடை விளக்குகளை யாரும் மாற்றாதவரை.

நிறத்தைக் கவனிப்பது ஒயிட் பேலன்ஸ். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொன்னால், மெழுகுவர்த்தி ஒளி 1,900 அளவில், நண்பகல் வெயில் 5,500 அளவில், மர நிழல் 7,000க்கு மேல். கண் இந்த வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். கேமராவும் தானியங்கியில் முயலும். குத்துவிளக்கின் முன் அந்த முயற்சி பொன்னிறத்தைக் கழுவிவிடக்கூடும். அங்கே வெயில் குறியில் வைத்தால் மஞ்சள் தங்கும். படத்தை ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்தது பதிந்தபடி, சேமித்தால் இதைப் பிறகும் மாற்றலாம். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டுமே வைத்திருக்கும். 14 பிட் ரா 16,384 படிகள் வைத்திருக்கும்.

கைபேசியில் இதே விதிகள், ஒரு கை குறைவாக. பெரும்பாலான கைபேசிகளில் துளை மாறவே மாறாது. எஃப்/1.8 என்று எழுதியிருந்தாலும் குவியத்தூரம் சுமார் 6 மி.மீ. மட்டுமே என்பதால் துளை 3 மி.மீ. அளவுதான், அருகில் வைத்து எடுக்கும் பூ, எறும்பு தவிர மற்ற எல்லாம் பெரும்பாலும் தெளிவாக விழும். முகப்படத்தில் பின்னால் தெரியும் மங்கல் பிறகு கணக்குப்போட்டுப் பூசியது. கலைந்த முடியின் ஓரத்தில் பார்த்தால் பூச்சு தெரியும். ப்ரோ என்ற முறையைத் திறந்தால் ஷட்டரும் ஐஎஸ்ஓவும் கைக்கு வரும். அதில் 1/4000 வைத்து மின்விசிறியை எடுத்தால் இறக்கைகள் கூர்மையாக நிற்கும், ஆனால் வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். கைபேசிச் சென்சார் படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை; மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. ஒவ்வொரு வரியும் 1/4000 நொடிதான். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே 1/50 நொடி கழிந்தால், அதற்குள் விசிறி 40 பாகை சுழன்றிருக்கும்.